பிச்சைத் தட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு: சுண்ணக்கட்டித் திருவிழாவின் கதை



வரலாறு என்றதும் கோட்டையும் கோபுரமும் கல்வெட்டும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. நிலைத்து நிற்பதுதான் வரலாறு என்று எண்ணிப் பழகிவிட்டோம். இன்று நாம் பேசப்போவது நிலைக்காத ஒன்றைப் பற்றி. ஒரு மழை பெய்தால் அது போய்விடும். நாலு பேர் மிதித்தால் மங்கிவிடும். தெருத்தரையில் சுண்ணக்கட்டியால் வரையப்படும் ஓவியமும், அதற்காக ஊர் கூடி நடத்தும் திருவிழாவும்தான் இன்றைய தலைப்பு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் சாண்டா பார்பரா என்று ஒரு கடற்கரை நகரம் இருக்கிறது. அங்கே 1786ஆம் ஆண்டில் ஸ்பானியப் பாதிரியார்கள் நிறுவிய பழைய தேவாலயம் ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டில் அதன் முன்னே உள்ள தார்த்தரையில் ஒரு விழா தொடங்கியது. மே மாதக் கடைசி, நீண்ட வார விடுமுறை. சனிக்கிழமை காலையில் தரை வெறுமையாக இருக்கும். வெள்ளைக் கோடு போட்டுப் பிரித்த சதுரங்கள் மட்டும் தெரியும். ஒவ்வொரு சதுரத்திலும் ஒருவரோ இருவரோ முழங்காலிட்டு உட்காருவார்கள். திங்கட்கிழமை மாலைக்குள் அந்தக் கருந்தரை முழுவதும் வண்ணமாகிவிடும். பின்பு கூட்டம் கலைந்து போகும். அடுத்த சில நாள்களில் காலடியும் காற்றும் தண்ணீரும் அதைத் துடைத்துவிடும்.

மூன்று நாள் வெயிலில் முழங்கால் தேய உழைத்து, மறையப்போகும் ஒன்றை ஏன் வரைய வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அது நம்மை இத்தாலியின் கிராமத் தெருக்களுக்கும் லண்டன் நடைபாதைகளுக்கும் அழைத்துச் செல்கிறது.

கோயில் வாசலில் ஒரு ஓவியர்

இத்தாலியில் தெரு ஓவியரை மடோன்னாரோ என்பார்கள். பலரானால் மடோன்னாரி. மடோன்னா என்பது இயேசுவின் தாயான மரியன்னையைக் குறிக்கும் சொல். மரியன்னையின் படத்தைத் தரையில் வரைந்தவர்கள் ஆதலால் அந்தப் பெயர் வந்தது. இந்த வழக்கம் 16ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறது என்பார்கள்.

இவர்களுக்கு நிலையான ஊர் கிடையாது. எந்த ஊரில் எப்போது திருவிழா என்ற கணக்கு மட்டும் மனப்பாடம். இன்று ஓர் ஊர், அடுத்த வாரம் வேறோர் ஊர். தேவாலய வாசலில் ஓர் இடத்தைப் பெருக்கி, கரித்துண்டு, செங்கல் பொடி, சுண்ணாம்பு என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வரைவார்கள். பக்கத்தில் ஒரு தொப்பியோ தட்டோ இருக்கும். கும்பிட வந்தவர்கள் காசு போடுவார்கள். அதுதான் அன்றைய சாப்பாடு.

ஏன் மரியன்னை? பக்தி ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நாமே ஊகிக்கலாம். கூட்டம் நெரியும் வாசலில் ஒரு மரத்தையோ மாட்டையோ வரைந்தால் நாலு பேர் மிதித்துக்கொண்டு போவார்கள். தாயின் முகத்தை எவன் மிதிப்பான்? கால் தானாக விலகும். விலகிய கால் நிற்கும். நின்றவரின் கை பையைத் தேடும். தரையில் இருந்தவருக்கு அந்தப் படமே வேலியும் ஆனது, வருமானமும் ஆனது.

எழுத்தறியாத மக்கள் நிறைந்திருந்த காலம் அது. பெரிய தேவாலயங்களின் உள்ளே செல்வர்கள் பணம் கொடுத்து வரையவைத்த ஓவியங்கள் இருந்தன. மடோன்னாரி அவற்றைப் பார்த்து, மனத்தில் வாங்கி, கிராமத்து வாசலில் இறக்கி வைத்தார்கள். ஆனால் அவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. படம் நின்றால்தானே பெயரும் நிற்கும்?

லண்டனில் அதே தொழில்

இங்கிலாந்திலும் இந்தத் தொழில் இருந்தது. அங்கே இவர்களை ஸ்க்ரீவர் என்றார்கள். எழுதுதல் என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. லண்டன் ஏழைகளின் வாழ்க்கையை ஹென்றி மேஹியூ விரிவாகப் பதிவு செய்து 1851இல் நூலாக வெளியிட்டார். அதில் இவர்களும் வருகிறார்கள். நடைபாதையில் சுண்ணக்கட்டியால் எழுதுபவருக்கும் வரைபவருக்கும், பிறருக்காகப் பிச்சை மனு எழுதித் தருபவருக்கும் அன்று இந்த ஒரே பெயர்தான். இந்தத் தொழிலை ஊர் எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

1933இல் ஜார்ஜ் ஆர்வெல் தம் முதல் நூலை வெளியிட்டார். பாரிஸிலும் லண்டனிலும் வறுமையில் உழன்ற அனுபவம் அது. அதில் போஸோ என்ற ஸ்க்ரீவர் ஒருவரைக் காட்டுகிறார். கட்டடத்துக்கு வண்ணம் பூசும் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் ஊனமானவர். தேம்ஸ் ஆற்றங்கரையில், வாட்டர்லூ பாலத்துக்குப் பக்கத்தில் அவருடைய இடம். மற்றவர்கள் ஒரே படத்தையே திரும்பத் திரும்ப வரைந்தபோது, இவர் அன்றாடச் செய்தியைக் கேலிச்சித்திரமாகத் தரையில் போட்டார். ஒருமுறை ஒரு குழந்தையின் தலை பாலத்தின் கம்பிவேலியில் மாட்டிக்கொண்டது. தலையை வெளியே எடுப்பதற்கு முன்பே தம் படம் தரையில் தயாராகிவிட்டது என்று சொல்லிப் பெருமைப்படுகிறார். நாளிதழ்களால்கூட அந்த வேகத்தை எட்டமுடியாது.

இன்னொரு முறை மூலதனம் என்று பெயரிட்ட மலைப்பாம்பு, உழைப்பு என்று பெயரிட்ட முயலை விழுங்குவதுபோல் வரைந்தார். காவலர் வந்தார். அழி என்றார். அழிக்க வேண்டியதாயிற்று. நேயர்களே, இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

ஆர்வெல் ஒரு நுட்பமான விஷயத்தையும் எடுத்துக்காட்டுகிறார். அன்றைய இங்கிலாந்தில் கைநீட்டிக் காசு கேட்டால் சட்டப்படி குற்றம், சிறைக்குப் போக நேரும். ஆனால் தீப்பெட்டி விற்றாலோ, பாட்டு வாசித்தாலோ, தரையில் படம் வரைந்தாலோ அது தொழில். ஆக, அந்த வண்ணத் துண்டு ஓர் ஏழைக்கும் சிறைக்கும் நடுவே நின்றது.

மேரி பாப்பின்ஸ் கதையை உங்களில் பலர் அறிவீர்கள். 1934இல் நூலாக வந்தது. 1964இல் திரைப்படமானது. அதில் வரும் பெர்ட் தரையில் படம் வரைபவர். நூலில் அவருக்கு இரண்டு தொழில்கள். வெயில் அடித்தால் ஓவியர், மழை பெய்தால் தீப்பெட்டி வியாபாரி. குழந்தைகளுக்கு அது வேடிக்கை. ஆனால் வானம் இருண்டால் வயிறு காயும் ஒரு கூட்டத்தின் உண்மை அதற்குள் ஒளிந்திருக்கிறது.

முதலை தொங்கும் தேவாலயம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியில் மடோன்னாரி அருகிப்போனார்கள். முதியவர்கள் சிலர்தாம் எஞ்சினார்கள். அந்த நேரத்தில்தான் கதை திசை மாறுகிறது.

வட இத்தாலியில் மாந்துவா நகருக்கு அருகே, மின்சியோ ஆற்றோரத்தில் கிராட்ஸியே என்று ஒரு சிற்றூர். கொள்ளைநோய் நீங்கியதற்கு நன்றியாக, மாந்துவாவை ஆண்ட பிரான்செஸ்கோ கொன்சாகா அங்கே மரியன்னைக்கு ஒரு திருத்தலம் எழுப்பினார். 1399இல் தொடங்கிய வேலை 1406இல் முடிந்து அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே போனால் சுவரெங்கும் நேர்த்திக்கடன் உருவங்கள். அண்ணாந்து பார்த்தால் கூரையிலிருந்து ஒரு பாடம் செய்யப்பட்ட முதலை சங்கிலியில் தொங்கும்! ஆகஸ்டு 15ஆம் நாள் மரியன்னை விண்ணேற்புத் திருநாள். அதையொட்டி அங்கே பல நூற்றாண்டுகளாகச் சந்தை கூடுகிறது.

1973இல் அந்தத் திருநாளில் மடோன்னாரிகளை ஒன்றுகூட்டும் தேசியச் சந்திப்பு தொடங்கியது. ஊர் ஊராகத் தனித்தனியே அலைந்தவர்கள் ஒரே வாசலில் கூடினார்கள். ஆகஸ்டு 14ஆம் நாள் தரைக்கும் சுண்ணக்கட்டிக்கும் ஆசீர்வாதம் நடக்கும். பின்பு விடிய விடிய வரைவார்கள். ஆடி ஆவணி வெயில் நமக்குப் பழக்கம். அங்கேயும் ஆகஸ்டு வெயில் கொளுத்தும். அதனால் இரவுதான் வேலைக்கு ஏற்ற பொழுது. மறுநாள் திருநாளுக்கு வருகிற மக்கள் படங்களுக்கு நடுவே நடந்து பார்ப்பார்கள். எளியவர், தேர்ந்தவர், ஆசான் என்று ஓவியர்களுக்குத் தரநிலைகளும் வகுக்கப்பட்டன.

இது சின்ன மாற்றம்போல் தெரியலாம். சின்னது அன்று. அதுவரை தெருவில் வரைந்தவரின் தகுதியைத் தட்டில் விழுந்த காசு சொன்னது. இப்போது சக கலைஞர்கள் சொன்னார்கள். பிச்சைக்காரர் என்று ஊர் ஒதுக்கிய முதியவரை ஆசான் என்று அழைத்தார்கள். ஓவியக் கல்லூரி மாணவர்கள் வந்து அவர் பக்கத்தில் முழங்காலிட்டார்கள்.

தரையைப் பள்ளமாக்கியவர்

அப்படி வந்தவர்களில் கர்ட் வென்னர் என்ற அமெரிக்கர் ஒருவர். நாசா நிறுவனத்துக்காக விண்வெளிக் காட்சிகளைப் படமாக வரைந்து கொடுத்த வேலை அவருடையது. 1982இல் அதை விட்டுவிட்டு, பழைய ஓவிய மரபைக் கற்க ரோம் நகருக்குப் போனார். படிப்புச் செலவுக்குத் தெருவில் வரைந்தார்.

ரோமில் புனித இக்னேஷியஸ் தேவாலயம் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்திரேயா பொஸ்ஸோ என்ற துறவுச் சகோதரர் அதன் கூரையில் ஓவியம் தீட்டினார். கீழே குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்று பார்த்தால் கூரையே திறந்து வானம் தெரிவதுபோல் இருக்கும். இல்லாத கோபுரக் குவிமாடம் ஒன்று இருப்பதுபோலவும் தோன்றும். உண்மையில் அது தட்டையான துணி. வென்னர் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கினார். கூரையில் வானம் தெரிய முடிந்தால் தரையில் ஏன் பாதாளம் தெரியக்கூடாது? பார்ப்பவர் நிற்கும் இடத்தை முதலில் முடிவு செய்துகொண்டு, அங்கிருந்து தூரம் போகப் போக உருவத்தை இழுத்து நீட்டி வரைய வேண்டும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஆளின் கால் பத்தடி நீளத்தில் கோணலாகக் கிடக்கும். சரியான இடத்தில் நின்றால் அவரே குழியிலிருந்து எழுந்து வருவார். இன்று கைப்பேசியில் நாம் வியந்து பகிரும் முப்பரிமாணத் தெரு ஓவியங்களெல்லாம் இந்த வழியில் வந்தவைதாம்.

1991இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் மாந்துவாவுக்கு வந்தபோது, வென்னரும் பல மடோன்னாரிகளும் சேர்ந்து இறுதித் தீர்ப்பைப் பெரிய தெரு ஓவியமாக வரைந்தார்கள். போப்பாண்டவர் அதில் கையொப்பமிட்டார். தேவாலய வாசலில் தட்டு வைத்திருந்த தொழிலுக்குத் திருச்சபையின் தலைவரே தந்த மரியாதை அது.

ஒரு சதுரத்தின் விலை

மீண்டும் சாண்டா பார்பராவுக்கு வருவோம். அங்கே விழா தொடங்கியதற்குப் பக்தி காரணமல்ல. வரி காரணம்.

1978இல் கலிஃபோர்னியா மக்கள் ஒரு வாக்கெடுப்பின் மூலம் சொத்து வரிக்கு உச்சவரம்பு விதித்தார்கள். மதிப்பிட்ட விலையில் ஒரு விழுக்காட்டுக்கு மேல் வரி கூடாது என்றானது. வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. ஆனால் அரசுப் பள்ளிகள் பெரிதும் அந்த வரியை நம்பித்தான் இயங்கின. பணம் சுருங்கியதும் எதை முதலில் வெட்டுவார்கள்? கணிதத்தை வெட்டமாட்டார்கள். ஓவியமும் இசையும் நடனமும்தான் முதலில் போகும். உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

சாண்டா பார்பரா வட்டாரத்தில் பள்ளிகளுக்குக் கலைஞர்களை அனுப்பிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் தொண்டு அமைப்பு ஒன்று இருந்தது. அதை நடத்திய கேத்தி கூரி கிராட்ஸியே விழாவை அறிந்து, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். 1986இல் அந்தப் பழைய தேவாலயத்துக்கு 200 ஆண்டு நிறைந்திருந்தது. இத்தாலியில் தேவாலய வாசல் என்றால், இங்கேயும் தேவாலய வாசல் கிடைத்தது.

விழாவின் கணக்கு எளிமையானது. தரையைச் சதுரங்களாகப் பிரிப்பார்கள். கடைகள், நிறுவனங்கள், குடும்பங்கள் ஆளுக்கொரு சதுரத்துக்குப் பணம் கட்டுவார்கள். கட்டியவரின் பெயர் சதுரத்தின் ஓரத்தில் எழுதப்படும். ஓவியர் வரைவார். பணம் பள்ளிகளின் கலைக் கல்விக்குப் போகும். பெரிய ஓவியங்களுக்குப் பக்கத்தில் சிறுவர்களுக்கென்று தனி இடம். சிறு தொகை கொடுத்தால் ஒரு பெட்டிச் சுண்ணக்கட்டியும் ஒரு சின்னச் சதுரமும் கிடைக்கும். ஐந்து வயதுப் பிள்ளை வரைந்த பூனையும் கைதேர்ந்தவர் வரைந்த தேவதையும் ஒரே தரையில் கிடக்கும்.

வேலை அவ்வளவு எளிதல்ல. மூலப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் தரையில் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். வரைந்ததைத் தானே கலைக்காமலிருக்க மேலிருந்து கீழாக வரவேண்டும். வண்ணத்தைத் தூரிகையால் அல்ல, உள்ளங்கையாலும் விரலாலும் தேய்த்துத் தரையின் நுண்துளைக்குள் ஏற்ற வேண்டும். தார்த்தரை உப்புத்தாள்போல் விரல்தோலை உரித்துவிடும். வானம் கருத்தால் பிளாஸ்டிக் விரிப்போடு ஓட வேண்டும். இவ்வளவுக்கும் பார்வையாளர் பக்கத்திலேயே நின்று கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார். கண்காட்சிக் கூடத்தில் முடிந்த படத்தைத்தான் பார்க்கிறோம். தெருவில் படம் பிறப்பதையே பார்க்கிறோம். இந்த விழாவின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இந்த வழியைப் பார்த்து அமெரிக்காவின் பல ஊர்கள் தங்கள் தெருக்களையும் திறந்துவிட்டன. கலிஃபோர்னியாவில் சான் ரஃபேல், ஃபுளோரிடாவில் லேக் வொர்த், 2007இல் தொடங்கிய சரசோட்டா விழா என்று பட்டியல் நீளும்.

யாருடைய தெரு?

இங்கே நாம் போஸோவிடம் திரும்ப வேண்டும். அவருக்குச் சதுரம் ஒதுக்கியவர் யாரும் இல்லை. உரிமமும் இல்லை. அதனால் காவலர் சொன்னதும் அழித்தார். ஆனால் அழிக்கும்வரை அவர் எதை வேண்டுமானாலும் வரைந்தார். இன்றைய விழாவில் ஓவியருக்கு இடமும் உண்டு, மரியாதையும் உண்டு, காவலரே போக்குவரத்தைத் திருப்பிவிடுகிறார். ஆனால் சதுரத்தின் ஓரத்தில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அந்த மலைப்பாம்பை அந்தச் சதுரத்தில் வரைய முடியுமா? வங்கி பணம் கட்டிய இடத்தில் உழைப்பை விழுங்கும் மூலதனத்தைப் போட மனம் வருமா? விழா கலைஞரைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது. அதற்காக அவர் தம் நாக்கின் கூர்மையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு முழுமையாகும்.

அண்டை நாடான சிங்கப்பூரின் சட்டத்திலும் இதற்கு ஒரு சுவையான எதிரொலி உண்டு. 1966ஆம் ஆண்டின் நாசவேலைச் சட்டப்படி பொது இடத்தில் அனுமதியின்றி எழுதுவதும் வரைவதும் குற்றம், பிரம்படியும் உண்டு. ஆனால் பென்சில், கிரயான் போன்ற அழியக்கூடிய பொருளால் வரைந்திருந்தால் முதல் குற்றத்துக்குப் பிரம்படி கிடையாது. குற்றம் குற்றம்தான். என்றாலும் அழிவதற்கும் அழியாததற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது.

நமக்கு இதில் புதுமை என்ன என்று நீங்கள் கேட்கலாம். நம் வீட்டு வாசலில் நாளும் கோலம் போட்டார்களே, அதுவும் தரை ஓவியம்தானே? உண்மைதான். பொழுது சாய்வதற்குள் மிதிபட்டு மறையும் என்று தெரிந்தே நம் பாட்டிமார் போட்டார்கள். காசுக்காக அல்ல, பேருக்காகவும் அல்ல. ஆனால் ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். கோலம் வீட்டு வாசலுக்கு உரியது. மடோன்னாரோவுக்கு வாசலே இல்லை. வீடில்லாதவன் ஊரின் வாசலில் போட்ட கோலம் என்று அதைச் சொல்லலாம். இன்று தீபாவளி வந்தால் பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலங்களைப் பெரிதாகப் பார்க்கிறோம். மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். பிள்ளைகள் தள்ளி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். சாண்டா பார்பராவில் பிள்ளைகள் கையில் சுண்ணக்கட்டி கொடுத்துக் கயிற்றுக்கு உள்ளே உட்காரவைத்தார்கள்.

அழிவதைக் கற்பிப்பது

மறையப்போவதை ஏன் வரைய வேண்டும் என்று தொடக்கத்தில் கேட்டோம். மூன்று காலத்தில் மூன்று விடைகள் கிடைத்தன. பழைய மடோன்னாரோ வயிற்றுக்காக வரைந்தார். கிராட்ஸியேயில் பக்திக்காகவும் மரியாதைக்காகவும் வரைந்தார்கள். சாண்டா பார்பராவில் அடுத்த தலைமுறைக்கு ஓவிய வகுப்பு கிடைக்கட்டும் என்று வரைந்தார்கள். ஓவியம் போய்விட்டது, அந்தப் பணத்தில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படியானால் எது அழிந்தது, எது நின்றது?

இதை நடத்தப் பெரிய மண்டபம் வேண்டாம். ஒரு பள்ளித் திடலின் சிமெண்டுத் தரையோ, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் கார்கள் இல்லாத நிறுத்துமிடமோ போதும். உரியவர்களிடம் அனுமதி வாங்கி, தரையைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பது நம் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்குப் பெரிய காரியமல்ல. தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணித வகுப்பாக மாற்றும் பழக்கம் நம்மிடமும் உண்டு. ஒரு நாளாவது அதைத் திருப்பிப் போடலாம். நமது மழை மாலையில் வந்து அத்தனையையும் கழுவிவிடும். அதுவும் பாடத்தின் ஒரு பகுதிதான். தரை மறுநாள் அடுத்த பிள்ளைக்குத் தயாராக இருக்கும்.